‘அங்கீகாரமற்றவர்’ என்னும் வசவு

தில்லி நேரு பிளேசில், மடிக்கணினி பழுதுபார்க்கும் கடையொன்றில் ஒரு நாள் முழுவதும் நின்று பாருங்கள். தேநீர் கொட்டிய மதர்போர்டு வருகிறது. நுண்ணோக்கியின் கீழ் அதைத் துடைத்து, மல்டிமீட்டரால் ஷார்ட்டான இடத்தைக் கண்டறிந்து, கடுகளவு கெபாசிட்டர் ஒன்றை மாற்றுகிறார் ஒருவர், கணினி உயிர்பெறுகிறது. நிறுவனத்தின் சேவை மையமோ பெரும்பாலும் போர்டையே மாற்றச் சொல்லும். சேமிப்புச் சில்லு அதிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால், ஆய்வாளரின் களப்பதிவுகளும் அதனோடு போகும்.

ஆயினும் ‘அங்கீகாரமற்றவர்’ என்ற பெயர் முன்னவருக்கே. அங்கீகரிப்பவர் யார்? மின்சுற்று வரைபடத்தையும் உதிரிபாகங்களையும் பூட்டி வைத்திருக்கும் அதே நிறுவனம். அறிவை மறைத்து வைத்துவிட்டு, ‘அறியாதவன்’ என்று ஏசுவது என்ன நியாயம்?

பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவணரசு 2022இல் ஒரு குழுவையும் வலைவாசலையும் அமைத்தது. வலைவாசல் வெறும் வேண்டுகோள், சட்டமன்று. கலிபோர்னியாவிலோ உதிரிபாகங்களையும் கருவிகளையும் கையேடுகளையும் வெளிக்கடைக்காரருக்கும் தர வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் சட்டம். அங்கே இயல்வது இங்கே ஏன் இயலாது? மின்கழிவு குறித்து மேடைதோறும் கவலைப்படுவோர் முதலில் இதற்கு விடை சொல்லட்டும்.