கர்ப்பிணியிடம் கடப்பிதழ் கேட்காதீர்கள்

பிரசவ வலியோடு வரும் பெண்ணின் இரத்த அழுத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், கடப்பிதழை அல்ல. ஆனால் ஆவணமற்ற அந்நியர் எவரும் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கும் குடிநுழைவுத் துறைக்கும் தெரிவிக்கும்படி அரசாங்க மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் பணிக்கிறது, மலேசிய சுகாதார அமைச்சின் 2001ஆம் ஆண்டு 10ஆம் எண் சுற்றறிக்கை. இதிலிருந்து கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்த தாய்மார்களுக்கும் உடனே விலக்கு அளிக்க வேண்டும். பிரசவத்துக்கு வரும் எந்தப் பெண்ணிடமும் முன்பணம் கேட்கும் வழக்கமும் நிற்க வேண்டும்.

தாய்மாரைக் காப்பதில் மலேசியா பெற்ற வெற்றி உலகமே பாடமாகப் படிக்கும் வெற்றி. 1950இல் மலாயாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டார்கள். 2020இல் மலேசியாவின் விகிதம் 24.9. டாக்டர் இந்திரா பத்மநாதன் முதலானோர் எழுதி உலக வங்கி 2003இல் வெளியிட்ட ஆய்வு, மலேசியாவும் இலங்கையும் இதைப் பெரும் செல்வத்தால் சாதிக்கவில்லை என்று காட்டியது. தாய்சேய் நலத்துக்கு இந்நாடுகளின் அரசுகள் செலவிட்டது உள்நாட்டு உற்பத்தியில் 0.4 விழுக்காட்டுக்கும் குறைவு.

சாதித்தவர்கள் தாதியர். கம்பங்களுக்குத் தேடிப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவு செய்தார்கள். கம்பத்து மருத்துவச்சிகளை விரட்டாமல் பயிற்சி கொடுத்துத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு கர்ப்பிணியின் ஆபத்து நிலையையும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்டுக் குறிக்கும் முறை வந்தது. 1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் இரகசியம் காத்து விசாரித்து, எங்கே தவறியது என்று கண்டறிகிறார்கள். வாசலில் காத்திராமல் தாயைத் தேடிப் போனதே இத்தனைக்கும் அடித்தளம். தேடிப் போன அதே அமைப்பு இன்று ஒரு பகுதிப் பெண்களைப் பயமுறுத்தித் துரத்துகிறது.

அந்தப் பெண்கள் தொலைவில் இல்லை. கிள்ளான், காப்பார், மேரு வட்டாரத் தொழிற்சாலைகளை ஒட்டிய வாடகை அறைகளிலும், செலாயாங், அம்பாங் குடியிருப்புகளிலும் வாழ்கிறார்கள். மியன்மாரிலிருந்து ஓடிவந்த ரொஹிங்யா பெண்களும் சின் பெண்களும் இருக்கிறார்கள். போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேராததால், இவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. வேலை உரிமத்தோடு வந்த தொழிலாளிப் பெண் கருவுற்றால் உரிமத்தையே இழக்கிறாள். அதனால் மறைக்கிறாள்.

நம்மவர்களும் இதில் உண்டு. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்கப்படாமல், அடையாள அட்டை இல்லாமலே தாயான தமிழ்ப் பெண்களை நாம் அறிவோம். பாட்டன் காலத்திலிருந்து இம்மண்ணில் உழைத்த குடும்பத்துப் பெண், மருத்துவமனை முகப்பில் அந்நியர் கட்டணத்துக்கு ஆளாகிறாள். 2014ஆம் ஆண்டுக் கட்டண ஆணைக்குப் பின் அந்நியருக்கான அரசு உதவித்தொகை படிப்படியாக நீக்கப்பட்டது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை வைத்திருப்போருக்கு அந்நியர் கட்டணத்தில் பாதிச் சலுகை உண்டு. மீதிப் பாதியும் தினக்கூலிக் குடும்பத்துக்கு எட்டாது.

அவசர நிலையில் வருபவளை நம் மருத்துவர்கள் கைவிடுவதில்லை. ஆனால் அவள் அவசர நிலையில்தான் வருகிறாள் என்பதே கோளாறு. இரத்தச் சோகை, கூடும் இரத்த அழுத்தம், நீரிழிவு இவையெல்லாம் மாதாந்தரப் பரிசோதனையில் சிக்குபவை. இரும்புச்சத்து மாத்திரை போன்ற எளிய மருந்துகளும் தொடர் கண்காணிப்பும் பெரும்பாலும் போதும். பரிசோதனைக்கே வராத பெண் வலிப்பு கண்டோ இரத்தப்போக்கோடோ தூக்கி வரப்படும்போது, தீவிர சிகிச்சைப் பிரிவும் புட்டி புட்டியாக இரத்தமும் தேவைப்படுகின்றன. வீட்டிலேயே பெற்றுக்கொண்டாலோ, பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் வாங்குவது பெரும்பாடாகி, நாடற்றோர் இன்னொரு தலைமுறைக்கும் தொடர்கிறார்கள்.

‘நம் வரிப்பணம் ஏன்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் நெரிசலைக் கண்டவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. அந்த நெரிசல் நிஜம். அதற்கு மருந்து கூடுதல் கட்டிலும் கூடுதல் தாதியரும்தான். கர்ப்பகாலப் பரிசோதனையை மறுப்பதால் பிரசவம் நின்றுவிடாது. சில வெள்ளியில் முடிய வேண்டியது பல்லாயிரம் வெள்ளியில் முடிந்து, வசூலாகாத கடனாக அதே மருத்துவமனையின் தலையில் விழும்.

உள்நாட்டுப் போரில் நொறுங்கி எழுந்த ஆப்பிரிக்க நாடான சியரா லியோன், 2010 ஏப்ரலில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் மருத்துவக் கட்டணத்தை நீக்கியது. அண்டை நாடான தாய்லாந்து, ஆவணமற்ற தொழிலாளரும் வாங்கக்கூடிய மருத்துவக் காப்புறுதியை நடத்துகிறது. நம் அரசாங்கமும் இதை அறியாததல்ல. 2021இல் கோவிட் தடுப்பூசியை ஆவணமற்றோருக்கும் இலவசம் என்று அறிவித்தபோது, ஊசி போட வருவோர் கைதாக மாட்டார்கள் என்றும் உறுதி சொன்னது. பயம் இருக்கும் இடத்தில் மருத்துவம் நுழையாது என்பதை அன்று ஒப்புக்கொண்டவர்கள், பிரசவ அறைக்கும் அதே உறுதியைத் தர வேண்டும்.

சுகாதார அமைச்சு செய்ய வேண்டியவை மூன்று. தாய்மாரைச் சுற்றறிக்கையிலிருந்து எழுத்து மூலம் விலக்க வேண்டும். கர்ப்பகாலப் பரிசோதனையை அனைவருக்கும் இலவசமாக்கி, பிரசவக் கட்டணத்தை முன்பணமின்றித் தவணையில் செலுத்த விட வேண்டும். அடையாள அட்டை இல்லாத, இங்கேயே பிறந்த பெண்களிடம் குடிமக்கள் கட்டணமே பெற வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி எதுவாயினும், அடுத்த கூட்டத்தொடரில் இதை எழுப்பட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கடையிலோ தொழிற்சாலையிலோ பக்கத்து வீட்டிலோ கர்ப்பிணி ஒருத்தி கிளினிக்குக்குப் போகப் பயந்து ஒதுங்கினால், அவளோடு நீங்கள் போங்கள்.