பல்வலி போலத் தோன்றும் நரம்புவலி

ஐம்பது வயதைக் கடந்தோர் சிலருக்குக் கன்னத்திலோ தாடையிலோ திடீரென மின்னல் பாய்ந்தாற்போன்ற வலி எழும். பல்வலியென்று கருதிப் பல்லைப் பிடுங்கிய பின்னும் அது நீங்குவதில்லை. குறை பல்லில் இன்றி நரம்பில் இருப்பதே காரணம்.

மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாம் நரம்பு, முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கிளைகளாகப் பிரிந்து நெற்றி, கன்னம், கீழ்த்தாடை ஆகியவற்றின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு செல்கிறது. அதன் வேரை அருகிலுள்ள இரத்தக்குழாய் அழுத்துவதாலேயே பெரும்பாலும் இவ்வலி உண்டாகிறது. இதனை மருத்துவர்கள் 'டிரைஜெமினல் நியூரால்ஜியா' என்பர். முகம் கழுவுதல், பல் துலக்குதல், மெல்லுதல், குளிர்காற்று படுதல் ஆகியவை இதனைத் தூண்டும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் தோன்றி, சில நொடி முதல் 2 நிமிடம் வரை நீடித்து அடங்கும். பின்னர் மீண்டும் வரும்.

இதற்குக் கார்பமசெபின் என்னும் மாத்திரை பலருக்கு நற்பயன் அளிக்கும். ஆயினும் முதியோருக்குத் தலைச்சுற்றலும், இரத்தத்தில் சோடியம் குறைதலும் நேரக்கூடும். ஆகவே மருத்துவரைக் கேளாமல் அளவைக் கூட்டுவதோ நிறுத்துவதோ தகாது. மருந்துக்கு அடங்காத வலிக்கு அறுவை சிகிச்சையும் உண்டு.

விழுங்கும்போது தொண்டையிலும் காதினுள்ளும் குத்தும் வலி ஒன்பதாம் நரம்பைச் சார்ந்ததாக இருக்கலாம்.

முகத்தில் அக்கி கண்டவர்க்கு, கொப்புளம் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் எரிச்சல் நீடிப்பதுண்டு. செங்காவி கொண்டு அக்கி எழுதுவது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். எனினும், அதனையே நம்பிக் காத்திருப்பது நன்றன்று. வைரஸை எதிர்க்கும் மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்குவதே சிறப்பு. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி தோன்றினால் கண்ணுக்கும் தீங்கு நேரலாம்.

இன்னொன்று, நரம்புவலி போல் மயக்கும் இரத்தக்குழாய் அழற்சி. நெற்றிப்பொட்டில் புதிதாக வலி, தலைவாரும்போது நோவு, மெல்ல மெல்லத் தாடை அயர்தல், பார்வை மங்கல் ஆகியவை இதன் குறிகள். அன்றே மருத்துவமனை செல்லாவிடில் பார்வையே பறிபோகக்கூடும்.

வலி எங்கே எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதனால் தூண்டப்படுகிறது என்னும் மூன்றையும் குறித்துவைத்து மருத்துவரிடம் கூறுதல் நலம். நோயைப் பிரித்தறிய அவருக்கு அதுவே பெருந்துணையாகும். நற்பல்லும் வீணே பறிபோகாது.