சங்கம் வாங்கும் பழைய சரக்கு வண்டி

சொந்தமாக ஒரு சரக்கு மோட்டார் வண்டி வேண்டும் என்னும் எண்ணம் நெசவாளர் சங்கங்களிலும், விளைபொருள் விற்பனைச் சங்கங்களிலும் பரவி வருகிறது. நூல் சிப்பத்தைக் கொண்டுவரவும், நெய்த சேலைகளைக் கோ-ஆப்டெக்ஸ் கிடங்கிற்கு அனுப்பவும், மஞ்சளையும் வெங்காயத்தையும் சந்தைக்குச் சேர்க்கவும் வாடகை வண்டியையே நம்பியிருந்தால் லாபத்தில் ஒரு பகுதி வாடகைக்கே போய்விடுகிறது. ஆகவே இவ்வெண்ணத்தை நாம் வரவேற்கிறோம்.

2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் ‘ஏஸ்’ என்னும் சிறு வண்டியை வெளியிட்டனர். இரண்டு சிலிண்டர்களும், 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், 16 குதிரைத் திறனும் கொண்ட டீசல் என்ஜின் அதில் இருந்தது. நம் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டனர். பெயர் அழகானதுதான். ஆனால் யானை என்றபின் எதையும் சுமக்கும் என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. குட்டி என்ற சொல்லை ஒருவரும் கவனிப்பதில்லை.

புதிய வண்டிக்குப் பொருள் போதாத சங்கம் பழைய வண்டியை வாங்குவதில் குற்றம் ஏதும் இல்லை. வாங்கும் முறைதான் நமக்குக் கவலை அளிக்கிறது. நிர்வாகக் குழுவினர் மூவர் சென்று வர்ணத்தைப் பார்க்கிறார்கள், டயரைத் தட்டுகிறார்கள், விலையில் ஐயாயிரம் குறைத்ததும் வெற்றி பெற்றவர்களாய்த் திரும்புகிறார்கள். பதிவுச் சான்று, இன்சூரன்ஸ், கடன் பாக்கி நீங்கிய விவரம் ஆகியவற்றைச் சரிபார்ப்பது அவசியமே. தகுதிச் சான்று இருக்கிறதே என்று திருப்தி அடைவோரும் உளர். கிளட்ச் தகட்டில் எவ்வளவு தேய்மானம் என்பதையோ, சிலிண்டர் ஹெட்டிற்குக் கீழே உள்ள கேஸ்கட் எந்நிலையில் உள்ளது என்பதையோ அச்சான்று கூறாது.

வண்டியைப் பார்க்கச் செல்லும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். “உங்களுக்காக ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறேன்” என்று விற்பவர் சொன்னால், மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் பல விஷயங்கள் தெரியவரும். நீர் துருவின் நிறமாக இருந்தால் கூலன்ட் ஊற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும், ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி போன்ற பிசின் ஒட்டியிருந்தாலும், நீரும் ஆயிலும் உள்ளே கலந்துவிட்டன என்று சந்தேகிக்க வேண்டும். மூடியைத் திறந்தபடியே என்ஜினை ஓட விட்டுப் பார்த்தால், இடைவிடாமல் குமிழி வருமானால் கேஸ்கட் போய்விட்டது. விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி நமக்கு வேண்டாம். சூடான என்ஜினில் இச்சோதனையைச் செய்யவே கூடாது. அம்மூடி அழுத்தத்தைத் தாங்குவதால்தான் உள்ளே உள்ள நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 120 டிகிரி வரை பொறுத்திருக்கிறது. திறந்த கணத்தில் அவ்வளவும் ஆவியாய் முகத்தில் அடிக்கும்.

சாயத் தொட்டிக்கு உப்புத் தண்ணீர் ஆகாது என்பதை நம் நெசவாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வெந்நீர்ப் பானையில் வெண்மையாய்ப் படியும் சுண்ணத்தையும் அவர்கள் அறிவார்கள். ஆயினும் அதே ஆழ்குழாய்க் கிணற்று நீரைத்தான் வண்டியின் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். அங்கேயும் அச்சுண்ணம் படிந்து, மெல்லிய குழாய்களை அடைக்கிறது. தெர்மோஸ்டாட் என்னும் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கமும் சில பட்டறைகளில் உண்டு. நம் வெயிலுக்கு அது தேவையில்லை என்பது அவர்கள் வாதம். உரிய சூட்டை எட்டாத என்ஜின் டீசலை வீணாக்கும், சிலிண்டரும் தேயும். அச்செலவு வேறு தலைப்பில் வருவதால் எவர் கண்ணிலும் படுவதில்லை.

சூடு ஏறும் இடத்தைக் கொண்டே பழுதை ஓரளவு ஊகிக்கலாம். சந்தைக் கூட்டத்தில் நின்றால் ஏறி, சாலையில் ஓடும்போது இறங்குமானால் விசிறியைப் பார்க்க வேண்டும். ஓட ஓட ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்பு, தெர்மோஸ்டாட் ஆகியவற்றில் ஒன்று. எங்கும் சொட்டாமல் நீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், அது என்ஜினுக்குள் போகிறது.

இந்தக் கடைசி அடையாளத்தை அலட்சியம் செய்ததன் விளைவை நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் கண்டோம். வண்டியின் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. டிரைவரின் அஜாக்கிரதையே காரணம் என்றும், செலவை அவருடைய சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்றும் குழு தீர்மானித்திருந்தது. லாக் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். முதலில் வாரம் ஒருமுறை, பின்னர் நாள்தோறும், அதன்பின் ஒரே நடையில் இருமுறை நீர் ஊற்றியதாக அந்த டிரைவர் எழுதியிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் காரியதரிசியின் கையொப்பம் இருந்தது. பழுதுபார்க்கும் அனுமதி அடுத்த குழுக் கூட்டத்திற்காகக் காத்திருந்தது. கூட்டமோ குறைவெண் இன்மையால் தள்ளிப் போயிருந்தது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, வேண்டுமென்றே காட்டிய அசட்டையால் சங்கத்துக்கு நஷ்டம் விளைத்தவரிடம் அதை வசூலிக்க வழி வகுக்கிறது. அசட்டை என்ற சொல் இங்கே டிரைவருக்குப் பொருந்தாது என்று நம் அறிக்கையில் எழுதினோம். படித்துப் பாராமல் ஒப்பமிடுவோருக்கு அது பொருந்துமா என்பதை அவர்களே யோசிக்கட்டும்.

இனிக் கிளட்சு. சமதரையில் கைப்பிரேக்கை இறுக்கி, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்ச் பெடலை மெல்ல விட்டால் என்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் தகடு வழுக்குகிறது. ஒருமுறை பார்த்தால் போதும்; பலமுறை செய்தால் நல்ல தகடும் கருகும். ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரவென்று அரைத்தால் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை. இதற்குப் பல சமயம் தளர்ந்த கேபிளைத் திருத்தினாலே போதும். தகடு போய்விட்டது என்று சொல்லும் பட்டறைக்காரரிடம் முதலில் கேபிளைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கிளட்ச் கோளாறு சில வேளைகளில் சூட்டுக் கோளாறாக வேடம் போடுவதும் உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் உர மூட்டைகளுடன் ஏறும் வண்டியை எண்ணிப் பாருங்கள். கிளட்ச் வழுக்கும்போது என்ஜின் அலறுகிறது. சக்கரம் அதற்கேற்பச் சுழல்வதில்லை. வேகம் குறைவதால் ரேடியேட்டரில் அடிக்கும் காற்றும் குறைகிறது. முள் மேலே ஏறுகிறது. உடனே ரேடியேட்டரை மாற்றுகிறார்கள். அதன்பின் வாட்டர் பம்பை மாற்றுகிறார்கள். கடைசியில்தான் கிளட்ச் தகடு. மூன்று ரசீதுகளும் தேதி வரிசையில் கோப்பில் இருக்கக் கண்டிருக்கிறோம்.

தணிக்கையாளர்களாகிய நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. கிளட்ச் தகட்டை மாற்ற கியர் பெட்டியையே இறக்க வேண்டும். இறக்கிய வேளையில் பிரஷர் தகட்டையும், ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். தேய்ந்தது ஒன்று, வாங்கியது மூன்று என்று ஆட்சேபணை எழுப்பினால், ஆறு மாதம் கழித்து அதே கூலியை மறுபடியும் கொடுக்க நேரும். அந்த இரண்டாம் கூலிக்கு மட்டும் எவரும் ஆட்சேபணை எழுப்புவதில்லை.

சூட்டுக்கும் கிளட்சுக்கும் பொதுவான பகை மிகுபாரம். ஏஸ் வண்டியின் தொடக்க வகை சுமார் 750 கிலோவுக்கென அமைந்தது. அதாவது 50 கிலோ மூட்டைகள் 15. நூல் சிப்பத்தில் எடைக்கு முன்னே இடம் நிரம்பிவிடும். மஞ்சளிலோ இடம் பாதி இருக்கும்போதே எடை நிரம்பிவிடும். பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்து, வண்டியில் செல்லும் ஆட்களின் எடையையும் கழித்துக் கிடைப்பதைப் பலகையில் எழுதி வண்டியிலேயே மாட்ட வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் மிகுபாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் வகுத்துள்ளது. ஏற்றச் சொல்வது கிடங்கில். சாலையில் பிடிபட்டு நிற்பது டிரைவர். இது நீதியன்று.

ஆகவே சங்கங்கள் நிலையான தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி வைக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். முள் சிவப்பைத் தொட்டால் வண்டியை நிறுத்தவும், பலகையில் எழுதிய எடைக்கு மேல் ஏற்ற மறுக்கவும் டிரைவருக்கு உரிமை தரப்பட வேண்டும். சரக்கை மாற்று வண்டியில் ஏற்றும் அன்றைய வாடகையைச் சங்கம் ஏற்க வேண்டும். லாக் புத்தகத்தில் தொடர்ந்து இரு நாள் நீர் ஊற்றியதாகப் பதிவாகியிருந்தால், கூட்டத்திற்குக் காத்திராமல் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பும் பொறுப்பு காரியதரிசியுடையது. அதற்கென ஒரு சிறு தொகையை முன்பணமாக அவரிடம் ஒதுக்கி வைத்து, செலவான பின் குழுவின் பார்வைக்கு வைக்கலாம். வரும் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்க்கும் சங்கத்தார், தீர்மானத்தின் நகல் ஒன்றை டிரைவரிடமும் கொடுத்து வைப்பது நலம்.