கண்ணுக்கு வேண்டிய வெயில்

தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு மாலை ஐந்து மணிக்குச் சென்றால், கீழே ஒரு சிறு பூங்காவும் அதில் ஓர் ஊஞ்சலும் தென்படும். ஊஞ்சலில் ஆடத்தான் எவரும் இரார். பிள்ளைகள் தனிப்பயிற்சி வகுப்பில் இருப்பார்கள். இல்லையேல் திறன்பேசியின் முன் இருப்பார்கள். சில ஆண்டுகளில் அவர்களுள் பலருக்கு மூக்குக்கண்ணாடி வந்துவிடுகிறது. உடனே வீட்டில் எழும் குரல் ஒன்றே: "எல்லாம் இந்தப் போனால் வந்த வினை!"

இக்குற்றச்சாட்டு முழுப்பொய் அன்று. முழு உண்மையும் அன்று.

கிட்டப்பார்வை உடையவருக்கு அருகிலுள்ளவை தெளிவாகத் தெரியும். கரும்பலகையில் எழுதியவை மங்கும். (இழந்ததை விட்டு, எஞ்சியதைக் கொண்டு தமிழ் இக்குறைக்குப் பெயரிட்டிருப்பது நயமானது.) பிறந்த குழந்தையின் விழி முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமுடையது. வளர்ந்தபின் அது 24 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிட வேண்டும். நில்லாமல் நீண்டால், தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையை அடையும் முன்னரே குவிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் மிகுந்தாலே கண்ணாடியின் 'பவர்' இரண்டரை முதல் மூன்று வரை ஏறும். நீண்ட விழி பின்னர்ச் சுருங்குவதில்லை. கண்ணாடியின் குழிவில்லை பார்வையைத் திருத்துமே அன்றி, விழியின் நீளத்தைக் குறைக்காது. குறை மிகப் பெருகினால் பிற்காலத்தில் விழித்திரை விலகும் இடரும் கூடுகிறது.

திறன்பேசி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்குறை இருந்தது. குழிவில்லை இதற்கு எவ்வாறு உதவுகிறது என்பதை வானியலறிஞர் கெப்ளர் 1604-இல் விளக்கினார். அவர் காலத்துச் சிறுவர் குனிந்து பார்த்தது புத்தகத்தை. கண்ணருகே வைத்துப் பார்க்கும்போது புத்தகமும் திரையும் விழிக்கு ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் தருகின்றன. புத்தகத்தைப் பிள்ளைகள் எப்போதேனும் மூடிவைக்கிறார்கள். திரையை மூட மனம் வருவதில்லை. திரையின் மீது சுமத்தத்தக்க பெருங்குற்றம் அதுவே. அது பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்துவைக்கிறது.

வீட்டுக்குள் இருப்பதில் என்ன கேடு? நல்ல விளக்குகள் உள்ள வகுப்பறையிலும் ஒளி 500 லக்ஸ் அளவில்தான் இருக்கும். பகலில் வெளியே, மரநிழலில் நின்றாலும் சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அவ்வொளி படும்போது விழித்திரையில் சுரக்கும் டோப்பமின் என்னும் பொருள் விழியின் மிகை நீட்சியைத் தடுப்பதாக ஆய்வாளர் கருதுகின்றனர். சீனாவின் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகள் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருந்தனர். மூன்றாண்டுகளில் அவர்களுள் 30.4 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் அது 39.5 விழுக்காடு. அதே ஆண்டில் எய்ம்ஸ் மருத்துவர்கள் தில்லிப் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 10,000 பேரை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். 13.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. வாரத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் வெளியே விளையாடியவர்களிடம் அது குறைவாகக் காணப்பட்டது.

சூரியனை நேரே நோக்குவது கண்ணுக்குப் பெருந்தீங்கு. வெளியே இருந்தால் போதும். 'கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்' என்னும் பழமொழி வேறு பொருளில் வழங்குவது. எனினும் இங்கு அது எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. குறை வருமுன் தடுப்பதில்தான் பகலொளி மிகுதியும் பயன்படுகிறது.

அப்படியாயின் பிள்ளைகளின் வெயிலைப் பறித்தவர் யார்? தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெளியே நிற்க இயலாது. நவம்பரில் புகைமூட்டம் கடுமையானால் வகுப்புகளே இணையத்துக்கு மாறுகின்றன. போனைக் கையில் எடுக்காதே என்ற பெரியவர்களே அதைக் கையில் கொடுக்கிறார்கள். வெயில் இதமாக இருக்கும் பிப்ரவரியும் மார்ச்சும் தேர்வுக் காலம். அப்போது முதலில் பறிபோவது விளையாட்டுப் பாடவேளைதான். கணக்கு ஆசிரியர் அதைக் கடன் கேட்பார். திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை. பிள்ளைகளின் கையிலுள்ள திரையைக் கண்டிக்கும் பள்ளியும் பெற்றோரும் அந்த ஒரு பாடவேளையைக் காத்துத் தருவது நியாயம். அது கண்ணுக்கான பாடவேளை.

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரிலுள்ள பாட்டியின் முகமும், தமிழ்க் கதையும், தமிழ்ப் பாட்டும் அவர்கள் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் திரையின் வழியே. திரையை அடியோடு விலக்கினால் மொழியும் உறவும் சேர்ந்து விலகும். ஆகவே எல்லாத் திரைநேரத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. பாட்டிக்கு முகம் காட்ட ஐந்து நிமிடம் போதும். மீதிப் பேச்சைப் பூங்காவில் நடந்துகொண்டே பேசலாம். பேரப்பிள்ளை ஊஞ்சலில் ஆடும் ஓசையைப் பாட்டி காதால் கேட்டுக்கொள்வார்.