கடலில் கரையாத பெருங்காயம்

கடலில் கரைத்த பெருங்காயம் மணக்காது என்பது பழமொழியாக இருக்கும்வரை சரி. கழிவுநீர்க் கொள்கையே அதன்மேல் நிற்பதுதான் கோளாறு. அவ்வளவு தண்ணீரில் எது கலந்தாலும் இருந்த இடம் தெரியாது என்ற நம்பிக்கை சட்டத்துக்குள்ளும் புகுந்திருக்கிறது. இந்தியாவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் (1986) தரும் பொதுத் தரநிலையில், ஆறு ஏரிகளில் விடும் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலோரத்தில் விடுவதானால் 100 வரை போகலாம். ஈயத்துக்கு இந்தச் சலுகை இருபது மடங்கு.

நிலத்துக் கழிவு உடனே போய்ச் சேருமிடம் நடுக்கடல் அல்ல, கரையோரம். ஆற்று நீர் உப்பு நீரைவிட இலேசானது. மேலே மிதந்தபடி பெரும்பாலும் கரையை ஒட்டியே நகரும். அதற்குக் கிடைப்பது ஆழம் குறைந்த ஒரு பட்டை. மீன் குஞ்சுகள் பலவும் வளர்வது அதே பட்டையில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்த எண்ணெயைக் கடல் இழுத்துக்கொண்டு போய்விடவில்லை. அது படகிலும் வலையிலும் அலையாத்தி மரங்களிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது. மீனவர்கள் அதைக் கையால் அள்ள வேண்டியிருந்தது.

இந்த நம்பிக்கைக்கு உண்மையான சோதனை ஜப்பானின் மினமாட்டாவில் நடந்தது. அங்கே சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை அசிட்டால்டிஹைடு தயாரிக்கப் பாதரசத்தை வினையூக்கியாகப் பயன்படுத்தியது. கழிவு ஊரை ஒட்டிய விரிகுடாவில் இறங்கியது. மீன் தின்ற பூனைகள் தள்ளாடி, சுழன்று, விழுந்து செத்தன. பூனை கூத்தாடுகிறது என்று ஊரார் சொன்னார்கள். பிறகு மனிதர்களின் முறை. 1956 மே 1 அன்று, ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹஜிமே ஹோசோகாவா இந்த நோயைப் பொதுச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். சந்தேகம் ஆலைமேல் திரும்பியதும், 1958 செப்டம்பரில் நிர்வாகம் கழிவு போகும் வழியை மாற்றியது. குறுகிய விரிகுடாவை விட்டுவிட்டு, அகன்ற ஷிரானுயி கடலைப் பார்த்த ஆற்று முகத்துவாரத்தில் திறந்துவிட்டது. தண்ணீர் கூடினால் நஞ்சு கரையும் என்பதுதானே வாதம்? சில மாதங்களில், அதுவரை நோய் எட்டிப்பார்க்காத கரையூர்களிலும் ஆட்கள் படுக்கையில் விழுந்தார்கள்.

1959 அக்டோபரில் ஹோசோகாவா சோதனைக்காக அந்தக் கழிவையே தீனியில் கலந்து ஊட்டிய 400ஆம் எண் பூனைக்கு வலிப்பு வந்தது. நிறுவனம் அதை வெளியே சொல்லவில்லை. டிசம்பரில் ஒரு சுத்திகரிப்புக் கருவியைத் திறந்துவைத்து, அதிலிருந்து வந்ததென்று சொல்லப்பட்ட தண்ணீரை நிறுவனத் தலைவர் எல்லாரும் பார்க்கக் குடித்துக்காட்டினார். அசிட்டால்டிஹைடு கழிவு அந்தக் கருவிக்குள் போகவே இல்லை. கழிவு நின்றது 1968இல். விரிகுடாவின் அடிச்சேற்றைத் தோண்டி, 58 ஹெக்டேர் கடற்பரப்பைத் தூர்த்து மூடும் வேலை 1990வரை இழுத்தது.

அந்தக் கழிவில் இருந்த மெத்தில் பாதரசம் நீரில் பரவிக் கண்ணுக்கு மறையலாம். உயிர்களின் உடலில் அது தங்கிவிடும். மிதவையுயிரி, சிறு மீன், பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு ஏறிக்கொண்டே வந்து மனிதனின் தட்டில் முடியும்.

நஞ்சே அல்லாத பொருளும் இப்படிக் கெடுக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் வடியும் நைட்ரஜனில் கணிசமான பங்கு, நெடுந்தொலைவிலுள்ள அயோவா மாநிலச் சோள வயல்களில் போட்ட உரம். கடலில் அது பாசியைப் பெருக்கும். பாசி செத்து அடியில் மட்கும்போது ஆக்சிஜன் தீரும். 2017இல் மெக்சிகோ வளைகுடாவில் இப்படி மூச்சுமுட்டிய பரப்பு சுமார் 22,720 சதுர கிலோமீட்டர்.

கழிவைத் தொலைவில் கொண்டுபோய் விடும் நீளக் குழாய் போட்ட பிறகு அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகம் தெளியவில்லையா என்று கேட்பார்கள். தெளிந்தது. 2000 முதல் அந்நகரின் கழிவுநீர் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தள்ளிப்போய் விழுகிறது. ஆனால் கழிவுச் சேற்றைக் கடலில் கொட்டுவது 1991லேயே நின்றுவிட்டது. குழாய்க்குள் நுழையும் நீரும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பைத் தாண்டி வருவது. குழாயின் புகழில் பாதி சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சேர வேண்டும்.

லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவுகோலும் பெருங்காயக் கணக்குதான். நல்ல தண்ணீரைக் கலந்தால் கழிவு பாஸாகிவிடும்; கடலில் சேரும் மொத்தம் ஒரு கிராமும் குறையாது. மாறாக, புளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் ஆண்டு முழுக்க வரும் நைட்ரஜனின் மொத்தச் சுமைக்கே வரம்பு கட்டினார்கள். நகரக் கழிவுநீர், உர ஆலை, மழைநீர் வடிகால் எல்லாம் அந்த ஒரே கணக்கில். 2014இல் கடற்புல் 16,000 ஹெக்டேரைத் தாண்டி, 1950களில் இருந்த பரப்பை எட்டியது. ஆனால் 2021 மார்ச்–ஏப்ரலில், அந்த விரிகுடாவின் கரையில் பைனி பாயிண்ட் என்ற இடத்தில் மூடிக்கிடந்த பாஸ்பேட் ஆலையின் கழிவுக் குட்டை கசிந்து, உடையும் நிலைக்கு வந்தது. குட்டையைக் காப்பாற்ற ஏறத்தாழ 81 கோடி லிட்டர் கழிவுநீரை விரிகுடாவில் திறந்துவிட்டார்கள். விரிகுடாவின் கீழ்ப்பகுதி வழக்கமாக ஓராண்டில் வாங்கும் நைட்ரஜனைவிட அதிகமாக, சில நாட்களில் வந்து இறங்கியது.