ஃபிரிஜ் செய்த குற்றம்!

வெயில் கால வற்றல்களைப் பற்றி இந்தத் தடவை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், சகோதரிகள் மன்னிக்கணும். அதற்குள் எங்கள் வீட்டில் ஒன்று நடந்துவிட்டது. வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இருந்தால் இதை முதலில் படியுங்கள்.

என் மாமியாருக்கு 72 வயது. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. காலையிலும் ராத்திரியிலும் சாப்பாட்டுக்கு முன்னால் நான்தான் ஊசி போடுகிறேன். சாப்பாட்டில் அவர் ரொம்பக் கண்டிப்பு. வெறும் வயிற்றில் பார்த்தால் 130, 140 என்று ஒழுங்காக இருந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு நாள் 210. மறு வாரம் 280!

அதற்குச் சற்று முன்னால்தான் என் சின்னவனுக்குப் பிறந்தநாள் வந்தது. டப்பா நிறைய மைசூர்பாகு கிளறி வைத்திருந்தேன். என் புத்தி நேரே அங்கேதான் போயிற்று.

"அத்தை, மறைக்காமச் சொல்லுங்க. டப்பாவிலேருந்து எடுத்தீங்களா?"

"இல்லேம்மா. விண்டுகூட வாயில போடலை."

நான் நம்பவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி மூன்று இட்லிக்குப் பதிலாக இரண்டோடு எழுந்துவிட்டார். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து பாத்ரூம் போனார், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். இதையெல்லாம் பார்த்தும் 'தின்றதன் பலன்' என்றுதான் நினைத்தேன். இப்போது எழுதக் கை கூசுகிறது.

இதே சமயத்தில் எங்கள் ஃபிரிஜ் ரொம்ப 'நன்றாக' வேலை செய்துகொண்டிருந்தது! தயிரில் ஐஸ் படிந்திருக்கும். வெள்ளரிக்காய் கண்ணாடி மாதிரி ஆகி, வெளியே எடுத்தால் தொளதொளத்து நீர்விடும். கொத்துமல்லி கறுத்துச் சுருண்டுவிடும். காய்க்காரம்மா பழைய கட்டைத் தலையில் கட்டிவிட்டாள் என்று அவள் மேல் கோபம். ராத்திரி பூரா மோட்டார் சத்தம் ஓயவேயில்லை. "இது எப்பத்தான் நிற்கும்?" என்று இவர் கேட்டதற்கு, "வெயில் காலமில்லையா, ஓடத்தானே செய்யும்" என்றேன். அடுத்த வீட்டு அம்மாளிடம், "பத்து வருஷத்து ஃபிரிஜ், என்னமாய் ஜில்லுனு இருக்கு பாருங்க" என்று பெருமை வேறு!

பால் திரிந்தால் ஃபிரிஜ் கெட்டுவிட்டது என்று நமக்குத் தெரிகிறது. அதிகமாகக் குளிர்ந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

ஒரு நாள் காலை ஊசி போடுவதற்காக பாட்டிலை உள்ளங்கையில் உருட்டினேன். அத்தைக்குக் கொடுத்திருப்பது பால் மாதிரி வெளுப்பாக இருக்கும் ரகம். உருட்டினால் சீராகக் கலந்துவிடும். அன்றைக்கு உள்ளே திரிதிரியாகப் பஞ்சு மாதிரி மிதந்தது. கண்ணாடியில் உறைபனி போல ஒட்டிக்கொண்டும் இருந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "இதை எங்கேம்மா வைக்கிறீங்க?"

ஃப்ரீஸருக்கு நேர் கீழே இருக்கும் தட்டில்தான் வைத்திருந்தேன். உயிர் காக்கிற மருந்தாச்சே, நல்ல குளிர்ச்சியில் இருக்கட்டுமே என்று! ஃபிரிஜ் ஒழுங்காக இருந்தவரை தப்பித்தது. அது கெட்டதும் மருந்து உறைந்துவிட்டது. ஒரு தடவை உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் அதன் வேகத்தை நம்ப முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார் டாக்டர். அத்தனை நாளும் அத்தைக்குப் போட்டது பாதி வீணான மருந்து. தெளிவாகத் தண்ணீர் மாதிரி இருக்கும் ரகங்களில் உறைந்துபோனது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். அதனால் உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அந்த பாட்டில் வேண்டாம். சர்க்கரை ஏறுகிறதே என்று நாமாக அளவைக் கூட்டவும் கூடாது. புது மருந்தோடு கூட்டின அளவும் சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

ஃபிரிஜ் ரிப்பேருக்கு வந்த பையன் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். "தெர்மோஸ்டாட் போயிருச்சுக்கா. உள்ளே ரெண்டு பாயிண்டும் ஒட்டிக்கிச்சு, மோட்டார் கட்டாகவே மாட்டேங்குது." உள்ளே போதுமான குளிர் வந்ததும் மோட்டாரை நிறுத்துவதுதான் அந்தச் சின்ன சாமானின் வேலை. அது நிறுத்தாவிட்டால் மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும், உள்ளே எல்லாம் உறையும், கரண்ட் பில்லும் ஏறும். புதிதாக மாற்றினான். அன்றைக்குச் சாயங்காலம் மோட்டார் தானாக நின்றபோது சமையலறையில் என்ன ஒரு நிசப்தம்!

இப்போது ஃபிரிஜ்ஜின் நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறேன். காய்ச்சல் பார்க்கிறது இல்லை, ஃபிரிஜ்ஜுக்கென்றே விற்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் பார்த்தால் 3, 4 டிகிரி காட்டுகிறது. பிரிக்காத இன்சுலினுக்கு 2லிருந்து 8 டிகிரி வரை வேண்டும், சாப்பாட்டுச் சாமான்களுக்கு 5க்குள் இருப்பது நல்லது. மருந்தை டப்பாவில் போட்டு, ஃப்ரீஸரையும் பின்சுவரையும் ஒட்டாமல் நடுத்தட்டில் முன்பக்கமாக வைக்கிறேன். பிரித்த பாட்டிலை ஃபிரிஜ்ஜுக்கு வெளியே, அதிகம் சூடில்லாத இடத்தில் சுமார் நாலு வாரம் வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கு மருந்து இது மாறும், கூட வருகிற தாளில் போட்டிருக்கும். பிரித்த தேதியை பாட்டிலில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ரிப்பேர் முடிகிற வரை எங்களுக்குக் கை கொடுத்தது பழைய மண்பானைதான். அகலப் பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் மருந்து டப்பா, மேலே ஈரத்துணி. நிழலில், காற்றுப்படும் ஜன்னலோரம் வைத்தேன்.

புது பாட்டில் பிரித்த நாலாம் நாள் வெறும் வயிற்றில் 162. பத்தாம் நாள் 138. பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். "அத்தை, என்னை மன்னிச்சுடுங்க" என்றேன்.

"விடும்மா. அந்தப் பாழாப்போன பெட்டி பண்ணின வேலைக்கு நீ என்ன செய்வே?" என்று சிரித்தார்.

ஆனால் அந்த ஷெல்ஃபிலிருந்து பருப்பு டப்பாவை எடுக்க வேண்டியிருந்தால்கூட, இப்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுத்தான் எடுக்கச் சொல்கிறார்.