ஓடை மீனுக்கு ஓடும் நீர்

கைலாசபுரத்து இல்லத்தில் கண்ணாடித் தொட்டி அமைத்து, மலையோடை மீன்களை வளர்க்க விரும்புகிறீர்களா? மீனுக்கு முன்னர் நீரோட்டத்தைத் திட்டமிடுங்கள்.

பாறைகளில் மோதி நுரைத்தோடும் நீரில் பிராணவாயு மிகுதி. ஓடை மீன்கள் அதற்கே பழகியவை. 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் ஏழரைதான். திருச்சிக் கோடையில் தேங்கிய நீர் அவற்றை மூச்சுத் திணற வைக்கும்.

ஆகவே நீண்ட தொட்டி, ஒரு முனையிலிருந்து நீரை உந்தும் மோட்டார், கூழாங்கற்கள், ஒதுங்கி இளைப்பாறப் பெரிய கற்கள், துள்ளி விழாதிருக்க மூடி, மின்தடைக்கு பேட்டரியில் இயங்கும் காற்றுக்குழாய் ஆகியன அவசியம்.

கேரள, கர்நாடக ஓடைகளுக்கே உரிய ‘மிஸ் கேரளா’ மீன், அலங்காரத்திற்காகப் பெரிதும் பிடிக்கப்பட்டதாலும் அருகியது. பண்ணையில் பிறந்த மீனையே கேட்டு வாங்குங்கள். வாயற்ற அந்த உயிர் உங்களிடம் ஓர் அமானிதம்.